எழுத்தின் சாயலும் தெளிவும்

நுழையும்முன்

எழுத்து, கருத்தைச் சுமந்து செல்லும் ஊர்தி மட்டுமன்று; எழுதியவர் கையின் சாயலையும் தன்னோடு சுமந்து வருவது. மண்கலத்திலும் கல்லிலும் ஓலையிலும் தாளிலும் வாழ்ந்த தமிழ் எழுத்து, இன்று கணினித் திரையிலும் வாழ்கிறது. கையால் எழுதியது போன்ற தோற்றமுடைய எழுத்துருக்கள் இப்போது அழைப்பிதழ்களிலும் விளம்பரங்களிலும் நூல் அட்டைகளிலும் பெருகி வருகின்றன. அவற்றின் அழகை எங்குப் பயன்படுத்தலாம், எங்குத் தவிர்க்க வேண்டும் என்பதை எழுத்தின் வரலாறே நமக்குக் கற்பிக்கிறது. பழனிமலைப் பகுதியிலிருந்து அவ்வரலாற்றைத் தொடங்குவோம்.

மலைப்பாதையில் சில எழுத்துகள்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்குச் செல்லும் மலைப்பாதை ஏறத்தாழ 64 கி.மீ. நீளமுடையது. அடிவாரத்து வெயிலில் புறப்படும் பேருந்து, வளைவுகள் பலவற்றைக் கடந்து, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த ஊரைச் சென்றடைகிறது. சன்னலோரம் அமர்ந்திருக்கும் பயணியின் கண்ணில் வழியெங்கும் எழுத்துகள் படுகின்றன. பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர். அடிவாரக் கடைகளில் பஞ்சாமிர்தப் புட்டிகளின் மேல் ஒட்டிய தாள். சுவரில் தூரிகையால் தீட்டிய விளம்பரம். வளைவுக்கு முன்னே நிற்கும் எச்சரிக்கைப் பலகை. மலையுச்சியில் தேன், தைலம், மலைப்பூண்டு விற்கும் கடைகளின் பெயர்ப்பலகைகள்.

இவை அனைத்தும் தமிழ் எழுத்துகளே. எனினும் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. ஒன்று நேராக நிற்கிறது. ஒன்று வலப்புறம் சாய்ந்து ஓடுகிறது. ஒன்று தடித்தும் மெலிந்தும் வளைந்து, மை இன்னும் உலராதது போன்ற தோற்றம் தருகிறது. இவ்வேறுபாடுகள் வெறும் அலங்காரமா? அல்லது ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டா? இவ்வினாவிற்கு விடை காண, இம்மலையின் அடிவாரத்திலேயே உள்ள ஒரு பழைய ஊருக்குச் செல்ல வேண்டும்.

பொருந்தல்: மண்கலத்தில் ஒரு கை

பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் பொருந்தல். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியல் அறிஞர் கா. ராஜன் தலைமையில் இங்கு 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நடைபெற்றது. ஈமச்சின்னம் ஒன்றில் நெல் நிரம்பிய சாடியும், கலங்களைத் தாங்கும் வளைய வடிவத் தாங்கியும் கிடைத்தன. அத்தாங்கியின் மேல் தமிழ்ப் பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. 'வயிரம்' என்னும் சொல்லோடு தொடர்புடையதாக அது படிக்கப்பட்டது. உடன் கிடைத்த நெல்மணிகளைக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது, அவை கி.மு. 490 அளவினவாக இருக்கலாம் எனத் தெரியவந்தது. தமிழ் எழுத்தின் தொன்மை பற்றிய ஆய்வுகளில் இக்கண்டுபிடிப்பு பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது.

நாம் இங்கு நோக்க வேண்டியது அவ்வெழுத்துகளின் வடிவத்தை. மண்கலத்தின் கடினமான பரப்பில் கூர்மையான கருவியால் கீறும்போது நேர்க்கோடுகளே எளிதாக வரும், வளைவுகள் குறையும். எனவேதான் தமிழ்ப் பிராமி எழுத்துகளில் நேர்க்கோடுகளும் கோணங்களும் மிகுதியாக உள்ளன. எழுத்தின் வடிவத்தை எழுதுபவரின் கை மட்டும் முடிவுசெய்வதில்லை. எழுதும் பரப்பும் எழுதும் கருவியும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன. இது எழுத்து வடிவமைப்பின் முதல் பாடமாகும்.

ஐவர்மலை: வளைந்து ஓடிய வட்டெழுத்து

பழனிக்கு மேற்கே உள்ளது ஐவர்மலை. அங்குள்ள பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகே ஒரு கல்வெட்டு உள்ளது. பாண்டிய மன்னன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டையும் சகம் 792ஆம் ஆண்டையும் அது ஒருசேரக் குறிப்பிடுகிறது. சகம் 792 என்பது கி.பி. 870 ஆகும். மன்னனின் ஆட்சியாண்டோடு சக ஆண்டும் இணைந்து வருவதால், பாண்டியர் காலத்தைக் கணிக்க இக்கல்வெட்டு பெரிதும் துணைநிற்கிறது. சாந்திவீரக் குரவர் என்னும் சமணத் துறவி பழைய திருவுருவங்களைப் புதுப்பித்ததையும், அதற்காகப் பொன் வழங்கியதையும் அது கூறுகிறது.

இக்கல்வெட்டு வட்டெழுத்தில் அமைந்தது. தமிழ்ப் பிராமியின் கோணங்களும் நேர்க்கோடுகளும் விரைந்து எழுதும் பழக்கத்தால் வளைந்து, காலப்போக்கில் வட்டெழுத்தாக உருப்பெற்றன என்பர் கல்வெட்டறிஞர். கையை எடுக்காமல் தொடர்ந்து எழுத விரும்பும் விரல்கள், கோணங்களை மழுக்கி வளைவுகளாக்குவது இயல்பு. அவ்வகையில் வட்டெழுத்தைத் தமிழர் கண்ட முதல் தொடர்கையெழுத்து வடிவம் எனலாம். கையின் ஓட்டத்தைக் கல்லிலும் காட்டும் எழுத்து அது. சுழிந்தும் வளைந்தும் செல்லும் அதன் வரிகள் இன்றும் கண்ணுக்கு இனியவை.

ஆனால் அவ்வழகு ஒரு விலையைக் கேட்டது. வளைவுகள் மேலும் மேலும் மிகுந்தபோது, எழுத்துகளுக்கு இடையே இருந்த வேறுபாடுகள் சுருங்கின. ப, ய, வ போன்ற சில எழுத்துகள் பிற்கால வட்டெழுத்தில் ஒன்றையொன்று ஒத்துப்போயின. படிப்பவர் முன்பின் உள்ள சொற்களைக் கொண்டே இது இன்ன எழுத்து என்று உய்த்துணர வேண்டிய நிலை உண்டாயிற்று. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் ஆட்சி பாண்டிய நாட்டில் பரவியது. அதன்பின் தெளிவான வேறுபாடுகளைக் கொண்ட தமிழெழுத்து, வட்டெழுத்தின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது. சேர நாட்டுப் பகுதியில் மட்டும் வட்டெழுத்து மேலும் பல நூற்றாண்டுகள் வழங்கியது.

வட்டெழுத்து மறைந்ததற்கு அரசியல் மாற்றம் ஒரு காரணம். எழுத்துகள் தம்முள் வேறுபாடு இழந்தது மற்றொரு காரணம். ஓர் எழுத்து எவ்வளவு அழகாக ஓடினாலும், 'நான் வேறு, என் அருகில் நிற்கும் எழுத்து வேறு' என்று அது காட்டத் தவறினால் மக்கள் அதைக் கைவிட்டுவிடுவர். இன்று கையெழுத்துச் சாயலில் எழுத்துரு படைக்கும் ஒவ்வொருவரும் ஐவர்மலையிடம் கற்க வேண்டிய பாடம் இது.

ஓலையில் மறைந்த புள்ளி

கல்லுக்கும் மண்கலத்திற்கும் அடுத்து, தமிழ் நூல்களைப் பல நூற்றாண்டுகள் காத்தது பனையோலை. ஓலையின் நரம்புகள் நீளவாக்கில் ஓடுபவை. எழுத்தாணியால் அழுத்திக் கீறினாலோ, ஓரிடத்தில் ஊன்றிப் புள்ளி குத்தினாலோ ஓலை கிழியும். எனவே ஏட்டில் எழுதியோர் மெய்யெழுத்துக்குரிய புள்ளியை இடாமல் விட்டனர். மெய்யும், குற்றெழுத்தான எகர ஒகரமும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் வகுத்திருந்தும், ஓலையின் இயல்பு அவ்விதியை வென்றது. துணைக்காலும் ரகரமும்கூட ஏடுகளில் ஒரே வடிவில் எழுதப்பட்டன.

இதனால் விளைந்த இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஓர் ஏட்டில் கொம்பு, ககரம், கால், லகரம் ஆகியன வரிசையாக நிற்பதாகக் கொள்வோம். அதனைக் 'கொல்' என்றும் படிக்கலாம். 'கோல்' என்றும் படிக்கலாம். உயிரைப் பறிக்கும் ஏவலுக்கும், முதியவர் ஊன்றி நடக்கும் கைத்தடிக்கும் ஏட்டில் ஒரே வடிவம்! இலக்கியப் பயிற்சியும் இலக்கண அறிவும் உடையோரே ஏட்டினைப் பிழையின்றிப் படிக்க இயன்றது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், அதன்பின் பல நூல்களைப் பதிப்பித்தபோதும் பல ஏடுகளை ஒப்பிட்டு உழைக்க நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர் இக்குறையைப் போக்க முற்பட்டார். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் இடையே வடிவ வேறுபாட்டை நிலைநிறுத்தினார். இன்று நாம் 'பெறு' என்பதையும் 'பேறு' என்பதையும் ஒரே பார்வையில் பிரித்தறிய முடிவதற்கு, கொம்பின் மேலே சேர்ந்த ஒரு சிறு சுழியே காரணம். எழுத்தில் சிறியது என்று ஒதுக்கத்தக்க உறுப்பு எதுவும் இல்லை.

தெரிந்து தெளிவோம்

தந்தை பெரியார் 1935இல் தம் 'குடிஅரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் மாற்றப்பட்டு, ஏனைய எழுத்துகளைப் போலவே இவையும் துணைக்காலும் கொம்பும் பெறும் முறையைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. யானையின் துதிக்கை போல் வளைந்த பழைய 'லை' வடிவத்தை முதியோர் சிலரின் கையெழுத்தில் இன்றும் காணலாம்.

அச்சுக்கு வந்த கையெழுத்து

அச்சுக்கலை தோன்றியபோது, அது கையெழுத்தைப் பின்பற்றியே தன் வடிவங்களை அமைத்துக்கொண்டது. இத்தாலியின் வெனிசு நகரில் ஆல்டஸ் மனூசியஸ் என்னும் பதிப்பாளர், 1501இல் வர்ஜிலின் கவிதைகளைக் கையடக்க நூலாக வெளியிட்டார். அந்நூல் முழுவதும் சாய்வெழுத்தில் அச்சிடப்பட்டது. அக்காலக் கற்றறிந்தோர் விரைந்து எழுதிய சாய்வான கையெழுத்தைப் பார்த்து, பிரான்செஸ்கோ கிரிஃபோ என்னும் எழுத்து வெட்டுநர் அவ்வடிவங்களை உலோகத்தில் செதுக்கித் தந்தார். முதலில் முழு நூலுக்கும் பயன்பட்ட சாய்வெழுத்து, பின்னர் நூற்பெயர்களையும் அழுத்தம் தர வேண்டிய சொற்களையும் மட்டும் காட்டும் துணையெழுத்தாயிற்று. நெடிய உரைக்கு நிமிர்ந்த எழுத்தும், சிறப்பிடங்களுக்குச் சாய்ந்த எழுத்தும் என்னும் பகிர்வு அனுபவத்தால் பிறந்தது.

தமிழ் எழுத்து அச்சேறிய வரலாறும் இதனை ஒத்ததே. அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழ் அச்செழுத்துகளால் அச்சிடப்பட்டது. பதினாறு பக்கங்களே கொண்ட இச்சிறு நூல், இந்திய மொழி ஒன்றில் அதன் எழுத்திலேயே இந்தியாவில் அச்சான முதல் நூல் என்னும் பெருமையுடையது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சகம் நிறுவினார். செருமனியின் ஹாலே நகரில் உருவாக்கப்பட்டு வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்தன. தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே அளவிற் சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. எழுத்தின் அளவையும் வடிவையும் தாளின் விலையும் தீர்மானித்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்செழுத்து மேலும் திருந்தியது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் கொடைக்கானலில் தங்குமனைகள் அமைத்தனர். இன்றைய மலைநகரின் தொடக்கம் அதுவே. அதே காலத்தில் சென்னையில் இயங்கிய அமெரிக்க மிஷன் அச்சகம், பி.ஆர். ஹண்ட் என்பாரின் மேற்பார்வையில் தமிழ் அச்செழுத்துகளைச் செம்மைப்படுத்தியது. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் – ஆங்கிலப் பேரகராதி அவ்வச்சகத்தில் உருவானதே. பெரிய அகராதி ஒன்றில் சொற்களை நெருக்கமாக அடுக்கியும் படிக்க இயல வேண்டுமாயின், எழுத்து சிறியதாகவும் தெளிவானதாகவும் இருத்தல் வேண்டும்.

உலோக எழுத்து தெளிவைத் தந்தது. ஆனால் கையின் சாயலைப் பெரிதும் இழந்தது. அக்குறையை ஓவியர்கள் நிறைவு செய்தனர். வார இதழ்களில் சிறுகதைத் தலைப்புகளையும், நூல்களின் அட்டைப் பெயர்களையும், திரைப்படத் தலைப்புகளையும் அவர்கள் கையாலேயே எழுதினர். கதை துயரமானதா, நகைச்சுவையானதா, அச்சம் தருவதா என்பதைத் தலைப்பெழுத்தின் வளைவே வாசகருக்கு முன்கூட்டிச் சொல்லிற்று. உள்ளே கதை நிமிர்ந்த அச்செழுத்திலும், மேலே தலைப்பு கையெழுத்திலும் அமைந்த அப்பகிர்வு, மேலே கண்ட சாய்வெழுத்தின் பகிர்வோடு ஒத்திருப்பதைக் காண்க.

கணினியில் கையெழுத்து

கணினி வந்தபின் ஓவியரின் கையெழுத்தையே எழுத்துருவாக்கும் வாய்ப்பு பிறந்தது. எழுத்துரு என்பது ஒரே பாணியில் வரைந்த எழுத்து வடிவங்களின் தொகுதி. கையெழுத்துச் சாயல் எழுத்துருவை உருவாக்குவோர் முதலில் பேனாவாலோ தூரிகையாலோ தாளில் எழுதிப் பார்க்கின்றனர். பிறகு அவ்வடிவங்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றின் விளிம்பையும் வளைகோடுகளாக வரைகின்றனர். எழுத்துகள் அனைத்தும் ஒரே அளவு சாய்ந்திருக்க வேண்டும். பேனாவை ஒரே கோணத்தில் பிடித்து எழுதினால் எங்குக் கோடு தடிக்குமோ அங்குத் தடிக்கவும், எங்கு மெலியுமோ அங்கு மெலியவும் வேண்டும். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடைப்பட்ட வெளியையும் அளந்து அமைத்தல் வேண்டும்.

இலத்தீன் எழுத்துகளில் தொடர்கையெழுத்து என்பது ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொடுவதால் அமைவது. பிரித்தானிய வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் 1960களில் உருவாக்கிய 'ஸ்நெல் ரவுண்ட்ஹாண்ட்', செருமானியக் கலைஞர் ஹெர்மன் சாப்ஃப் 1998இல் வெளியிட்ட 'சாப்ஃபீனோ' ஆகியன இவ்வகையில் புகழ்பெற்றவை. கையால் எழுதும்போது ஒரே எழுத்து இருமுறை வந்தாலும் இரண்டும் முற்றிலும் ஒன்றாக இரா. ஆதலால் சாப்ஃபீனோவில் ஒரே எழுத்திற்குப் பல மாற்று வடிவங்கள் வரையப்பட்டுள்ளன.

தமிழ் எழுத்துகளோ தனித்தனியே நிற்கும் இயல்பின. அவற்றை வலிந்து இணைத்தால் சுழியும் காலும் ஒன்றோடொன்று கலந்து குழப்பம் உண்டாகும். எனவே தமிழ்க் கையெழுத்தின் சாயலை, இணைப்பைக் காட்டிலும் சாய்வு, கோட்டின் தடிப்பு வேறுபாடு, சுழியின் நெகிழ்வு, காலின் நீட்சி ஆகியவற்றால் காட்டுவதே பொருந்தும். இலங்கைத் தமிழ் எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய 'கவிவாணர்' என்னும் எழுத்துரு இதற்கு நல்ல சான்று. எழுத்துகளை வலிந்து பிணைக்காமல், மென்மையான சாய்வினாலேயே கையெழுத்தின் உணர்வை அது தருகிறது. யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமத்துடன் அது வெளியிடப்பட்டுள்ளது.

தெரிந்து தெளிவோம்

தமிழ் எழுத்துகள் 247. எனினும் எழுத்துரு படைப்பவர் 247 வடிவங்களையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. துணைக்கால், கொம்பு முதலியவற்றை ஒருமுறை வரைந்தால் எல்லா எழுத்துகளோடும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 18 மெய்களோடு உகரமும் ஊகாரமும் சேரும்போது கு, சு, து, மூ, ரூ எனப் பலவாறு உருமாறுவதால், அந்த 36 வடிவங்களையும் தனியே வரைதல் வேண்டும்.

அழகுக்கு உரிய இடம், தெளிவுக்கு உரிய இடம்

இனி நாம் தொடங்கிய மலைப்பாதைக்கே மீள்வோம். பழனிப் பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றவை. இத்தகைய பொருளின் பெட்டியில் அதன் பெயரைக் கையெழுத்துச் சாயலில் எழுதுவது பொருத்தமானதே. இன்ன மண்ணில் விளைந்தது, இன்ன கையால் செய்தது என்னும் நெருக்கத்தை அவ்வெழுத்து உணர்த்தும். ஆனால் அதே பெட்டியில் உள்ள சேர்மானங்கள், நிகர எடை, பயன்படுத்த வேண்டிய இறுதி நாள் ஆகியவற்றை நிமிர்ந்த, தெளிந்த எழுத்திலேயே அச்சிட வேண்டும். பெயர் நம்மை அழைக்கிறது. விவரம் நம்மைக் காக்கிறது. அழைப்பதற்கு அழகு வேண்டும். காப்பதற்குத் தெளிவு வேண்டும்.

திருமண அழைப்பிதழிலும் இதுவே முறை. மணமக்களின் பெயர்களைக் கையெழுத்துச் சாயலில் பெரிதாக எழுதினால், குடும்பத்தார் நேரில் வந்து அழைப்பது போன்ற உணர்வு பிறக்கும். நாள், நேரம், மண்டபத்தின் முகவரி ஆகியன எளிய எழுத்தில் இருத்தல் நலம். மேலும், கையெழுத்துச் சாயல் எழுத்துருவில் சுழிகள் நெருங்கிக் குழைந்தால் ணகரம் னகரமாகத் தோன்றும். மணம் மனமாகும், 'மணமகன்' 'மனமகன்' ஆவான். ஆகவே ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது ண – ன, ழ – ள, ெ – ே ஆகிய இணைகளை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தல் வேண்டும். புள்ளி இருப்பதும் இல்லாததும் தெளிவாகத் தெரிகிறதா என்று 'கல்', 'கல' என்னும் சொற்களை எழுதிச் சோதிக்க வேண்டும். 'கொடைக்கானல்' என்னும் ஒரே சொல்லில் ஒற்றைக்கொம்பு, இணைக்கொம்பு, துணைக்கால், இரு புள்ளிகள் ஆகியன அடங்கியிருத்தலின், தேர்வுக்கு அதுவே ஏற்ற சொல்லாகும்.

மலைப்பாதையின் எச்சரிக்கைப் பலகைக்கு வருவோம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கிறது. பலகையைப் படித்து உணர ஓட்டுநருக்கு ஒரு நொடி கூடுதலாகத் தேவைப்பட்டால், அதற்குள் ஊர்தி மேலும் 10 மீட்டர் முன்னேறியிருக்கும். பனிமூட்டம் சூழ்ந்த மாலைப்பொழுதில், கொண்டை ஊசி வளைவின் விளிம்பில், அந்தப் பத்து மீட்டரே உயிருக்கும் இழப்புக்கும் இடைப்பட்ட தொலைவாகலாம். அங்கே நளினமாகச் சாய்ந்து, மெல்லிய கோடுகளால் வளைந்து நிற்கும் எழுத்து அழகன்று, தீங்கு. ஒரே சீரான தடிப்பும், எழுத்துகளுக்கு இடையே போதிய வெளியும், பின்னணியோடு மாறுபட்டு நிற்கும் நிறமும் உடைய எளிய எழுத்தே அங்கு ஏற்றது. மருந்துப் புட்டி, மின்தடுப்பு வேலி, மருத்துவமனையின் வழிகாட்டிப் பலகை ஆகியவற்றுக்கும் இவ்விதி பொருந்தும்.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், கையெழுத்துச் சாயல் எழுத்துருவைப் பயன்படுத்துவோர் கருத வேண்டியன நான்கு. முதலாவது, அது சில சொற்களுக்கே உரியது. பக்கம் முழுவதையும் அதனால் நிரப்பினால் கண் விரைவில் களைக்கும். இரண்டாவது, அளவு பெரிதாக இருத்தல் வேண்டும். சிறிதானால் மெல்லிய கோடுகள் மறையும். மூன்றாவது, அதற்குத் துணையாக நிமிர்ந்த எளிய எழுத்துரு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்காவது, படிப்பவர் யார், எத்தகைய ஒளியில், எவ்வளவு நேரத்தில் படிப்பார் என்பதை எண்ணிப் பார்த்த பின்னரே எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் கையெழுத்து

எழுத்துருக்கள் பெருகியுள்ள இக்காலத்தில் கையால் எழுதும் வழக்கம் குறைந்து வருகிறது. கடிதம் எழுதுவோர் அருகிவிட்டனர்; செய்திகள் விரல்நுனியில் தட்டச்சாகின்றன. ஆயினும் எந்தக் கையெழுத்துச் சாயல் எழுத்துருவுக்கும் மூலம் யாரேனும் ஒருவரின் உண்மையான கையெழுத்தே. கையால் எழுதுவோர் இல்லாவிடில், எழுத்துரு படைப்போர்க்குப் பார்த்து வரையவும் ஒன்றும் இராது. நம் வீட்டுப் பெரியோரின் கடிதங்களும் கணக்கேடுகளும் சமையற் குறிப்புகளும் தமிழ் எழுத்தின் வாழும் வடிவங்கள். பழைய 'லை'யும், கையெழுத்தில் நீண்டு இறங்கும் ழகரத்தின் வாலும் அவற்றில் உள்ளன. அவற்றை எறிந்துவிடாமல் காப்பது, ஓலைச்சுவடிகளைக் காத்ததற்கு இணையான பணியே.

பொருந்தலில் மண்கலத்தைக் கீறியவர், அதனைப் பின்னாளில் எவரும் படிப்பர் என்று எண்ணியிருக்கமாட்டார். ஆயினும் அவர் வெவ்வேறு எழுத்துகளை வெவ்வேறாகவே கீறினார். அதனால்தான் நம்மால் படிக்க முடிகிறது. தன் கையின் சாயலை இழக்காமலும், படிப்பவர் கண்ணைத் துன்புறுத்தாமலும் எழுதுவது பிறரை மதிக்கும் பண்பாகும். தேர்வுத்தாளில் நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும், நாளை நாம் வடிவமைக்கும் ஒவ்வொரு பலகைக்கும் இப்பண்பே அளவுகோலாக இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள மூன்று தலைமுறையினரைக் 'கொடைக்கானல்', 'மணமகன்', 'பேறு', 'விலை' ஆகிய சொற்களை எழுதச் சொல்லுங்கள். அவர்தம் எழுத்து வடிவங்களில் காணும் வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் உள்ள பத்துப் பெயர்ப்பலகைகளைக் கண்டு, எவை தொலைவிலிருந்து எளிதில் படிக்கத்தக்கன, எவை அல்ல என்பதைக் காரணத்துடன் எழுதுக.

3. பள்ளி ஆண்டுவிழாவிற்கு அழைப்பிதழ் ஒன்றை வடிவமைக்க. எச்சொற்களைக் கையெழுத்துச் சாயலிலும் எச்சொற்களை எளிய எழுத்திலும் எழுதினீர்கள் என்பதை வகுப்பறையில் விளக்குக.

4. 'வட்டெழுத்தின் மறைவு இன்றைய எழுத்துரு வடிவமைப்பாளருக்கு உணர்த்தும் பாடம்' என்னும் பொருளில் ஒரு பக்கக் கட்டுரை வரைக.